மாலிப்டினம் வினையூக்கியில் அம்மோனியா வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

அறை வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு ஷ்லெங்க் குடுவைக்குள் (காற்று புகாமல் வினை செய்யும் கண்ணாடிக் கலம்) நைட்ரஜன் வாயுவை அம்மோனியாவாக மாற்றும் அணைவுச் சேர்மங்கள் இன்று பல உண்டு. ஆய்வுக்கட்டுரையில் படிக்கும்போது எளிதாகத் தெரியும் வினை, நம் மேசையில் செய்யும்போது படுத்துவிடுவது சகஜம். அப்போது "விளைச்சல் குறைவு" என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஈனியை (உலோகத்தோடு ஒட்டும் மூலக்கூறை) மாற்றலாமா, கரைப்பானை மாற்றலாமா என்று தடுமாறுவதில் பயனில்லை. போட்ட எலக்ட்ரான்கள் எங்கே போயின என்று கணக்குப் பார்த்தால், பாதிப் பிழைகள் தாமாகவே வெளியே வந்துவிடும்.

ஒப்பிட ஒரு ஓட்டம்

கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த ஒரே ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. வினையூக்கி, பென்சிமிடசோல் கார்பீனை நடுவிலும் இரண்டு டை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீன் கைகளை இருபுறமும் கொண்டு, மூன்று இடங்களில் உலோகத்தைக் கவ்வும் பின்சர் ஈனியின் மாலிப்டினம் ட்ரைகுளோரைடு. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யோஷியாகி நிஷிபயாஷி குழு 2019-இல் சமேரியம் டைஅயோடைடை எலக்ட்ரான் தரும் ஒடுக்கியாகவும் ஆல்கஹால் அல்லது நீரைப் புரோட்டான் மூலமாகவும் வைத்து, ஒரு மாலிப்டினத்துக்கு 4,350 அம்மோனியா வரை எடுத்துக் காட்டியது இந்தக் குடும்பத்துச் சேர்மங்களில்தான்.

அளவுகள்: வினையூக்கி 2 மைக்ரோமோல், சமேரியம் டைஅயோடைடு 0.36 மில்லிமோல், நீர் 0.36 மில்லிமோல், உலர்ந்த டெட்ராஹைட்ரோஃபியூரான் மொத்தம் சுமார் 6 மி.லி., 50 மி.லி. குடுவை, நைட்ரஜன் ஒரு வளிமண்டலம், அறை வெப்பநிலை, இரவு முழுதும் கலக்கல். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு ஆறு சமேரியம் டைஅயோடைடையும் ஆறு நீரையும் செலவழித்து இரண்டு அம்மோனியா தரும். ஆகவே உச்சவரம்பு 120 மைக்ரோமோல் அம்மோனியா, அதாவது ஒரு மாலிப்டினத்துக்கு 60.

2 மைக்ரோமோல் வினையூக்கி என்பது 1.3 மி.கி.தான். க்ளவ் பாக்ஸ் (காற்றில்லாக் கையுறைப் பெட்டி) தராசில் அதை நேரடியாக எடை போடாதீர்கள். 0.2 மி.கி. தவறினாலே 15% பிழை. 12.7 மி.கி. எடுத்து 20 மி.லி.யில் கரைத்து, அதிலிருந்து 2 மி.லி. எடுங்கள். அடியில் துகள் தங்கியிருந்தால் அந்தக் கரைசலை நம்ப வேண்டாம்.

எலக்ட்ரான் கணக்கு இப்படி: ஒவ்வொரு அம்மோனியாவுக்கும் 3, ஒவ்வொரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கும் 2. அம்மோனியா 84 மைக்ரோமோலும் ஹைட்ரஜன் 40 மைக்ரோமோலும் வந்தால் 252 + 80 = 332. போட்டது 360. 92% கணக்கில் வந்துவிட்டது. இது ஆரோக்கியமான ஓட்டம். இதைச் செய்ய ஹைட்ரஜனையும் அளந்தாக வேண்டும். காரம் ஊற்றுவதற்கு முன்பே குடுவையின் மேல்வெளியிலிருந்து வாயுவை எடுத்து, வெப்பக் கடத்துமை உணர்கருவி உள்ள வாயு நிறப்பிரிகைக் கருவியில் (கேஸ் குரோமட்டோகிராஃப்) செலுத்துங்கள். சுமந்து செல்லும் வாயு ஆர்கானாக இருக்கட்டும். ஹீலியத்தின் வெப்பக் கடத்துமை ஹைட்ரஜனுக்கு அருகில் இருப்பதால் சிகரம் சின்னதாகவும் கோணலாகவும் வரும். 40 மைக்ரோமோல் ஹைட்ரஜன் 45 மி.லி. மேல்வெளியில் சுமார் 2% இருக்கும். அளப்பதில் சிரமம் இல்லை.

இனி அறிகுறிகள்.

அறிகுறி: வினையூக்கி சேர்க்கும் முன்பே நீலம் வெளிறிவிட்டது

சமேரியம் டைஅயோடைடு கரைசல் ஆழ்ந்த நீலமாக இருக்க வேண்டும். பச்சைச் சாயல் வந்தால் கொஞ்சம் ஆக்சிஜன் பட்டுவிட்டது. மஞ்சள் என்றால் முடிந்தது. ஆனால் நிறத்தை மட்டும் நம்புவது ஆபத்து. பாதி செத்த கரைசலும் கண்ணுக்கு நீலமாகவே தெரியும், ஏனென்றால் 0.1 மோலார் கரைசல் அவ்வளவு அடர்த்தியான நிறம் கொண்டது.

அயோடினைக் கொண்டு தரம்பாருங்கள். இரண்டு சமேரியம் டைஅயோடைடு ஒரு அயோடின் மூலக்கூறைத் தின்று மஞ்சள் ட்ரைஅயோடைடைத் தரும். நைட்ரஜன் சூழலில் 12.7 மி.கி. அயோடினை 1 மி.லி. உலர் டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, அதில் சமேரியம் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள். பழுப்பு மறைந்து மஞ்சளாகி, நீலச் சாயல் முதல் முறையாக நிலைக்கும் இடமே முடிவுநிலை. 1.00 மி.லி. செலவானால் செறிவு 0.10 மோலார்; 1.25 மி.லி. செலவானால் 0.08. இந்தச் சோதனையை ஓட்டம் போடும் நாளிலேயே செய்யுங்கள். சென்ற மாதத்து எண் பயன்படாது.

எங்கே கசிகிறது? செப்டம் (ஊசி குத்தும் ரப்பர் மூடி) பலமுறை குத்தப்பட்டிருக்கலாம், கண்ணாடி இணைப்பில் கிரீஸ் வறண்டிருக்கலாம், சிரிஞ்சை நைட்ரஜனால் மூன்று முறை கழுவாமல் விட்டிருக்கலாம். 1 மி.லி. காற்று உள்ளே போனால் அதில் சுமார் 8.6 மைக்ரோமோல் ஆக்சிஜன் இருக்கும். ஒவ்வொன்றும் நான்கு எலக்ட்ரான் வரை எடுக்கும் என்று வைத்தால் 34 மைக்ரோமோல் ஒடுக்கி, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, போயே போச்சு.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு. எலக்ட்ரான் கணக்கு 100 சதவிகிதத்தைத் தாண்டினால், கடையில் வாங்கிய கரைசல் பாட்டிலின் அடியைப் பாருங்கள். நிலைப்படுத்துவதற்காகச் சமேரியம் உலோகச் சில்லுகளைப் போட்டு விற்பதுண்டு. சில்லு ஒன்று சிரிஞ்சில் ஏறி வந்தால், நீங்கள் எண்ணாத எலக்ட்ரான்களும் கூட வந்துவிடும். வடிகட்டி எடுங்கள், அல்லது திட நிலையிலுள்ள டெட்ராஹைட்ரோஃபியூரான் சேர்க்கைச் சேர்மத்தை (0.36 மில்லிமோலுக்கு 197 மி.கி.) எடை போட்டுக் கரையுங்கள்.

அறிகுறி: நீர் விட்டதும் நுரை, நிறம் சட்டென்று போகிறது, அம்மோனியா குறைவு, ஹைட்ரஜன் அதிகம்

கணக்கு நூறை ஒட்டி வரும், ஆனால் பெரும்பங்கு ஹைட்ரஜனில் இருக்கும். புரோட்டானும் எலக்ட்ரானும் மாலிப்டினத்துக்குப் போகாமல் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொண்டன என்று பொருள்.

நீர் சமேரியத்தோடு ஒட்டும்போது அதன் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு மிகவும் தளர்ந்துவிடுகிறது. தனி நீரில் 118 கி.கலோரி/மோல் அளவில் இருக்கும் அந்தப் பிணைப்பு வலிமை, இரண்டாம் நிலைச் சமேரியத்தில் ஒட்டிய நீரில் 26 அளவுக்கு இறங்கும் என்று 2017-இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தளர்ச்சிதான் வினையின் உயிர்நாடி, ஹைட்ரஜன் விரயத்துக்கும் அதுவே வழி. நல்ல ஓட்டத்தில் வினையூக்கி முந்திக்கொள்கிறது. நீர் ஒரே இடத்தில் குவிந்தால் முந்த முடிவதில்லை.

6.5 மைக்ரோலிட்டர் தூய நீரை ஊசியால் அப்படியே உள்ளே விடுவதுதான் வழக்கமான தவறு. 65 மி.கி. நீரை டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து 10 மி.லி.யாக்கி (0.36 மோலார்), உறையவைத்து வெற்றிடமிட்டு உருக்கும் சுற்றை மூன்று முறை செய்து வாயு நீக்கி, அதிலிருந்து 1 மி.லி.யை வேகமாகச் சுழலும் கரைசலில் மெதுவாக விடுங்கள். நீர் சேர்ந்ததும் நீலம் ஒயின் சிவப்பாக மாறுவது இயல்பு; அதைக் கண்டு பதற வேண்டாம். சிவப்பு, ஓட்டம் நடக்க நடக்க வெளிறி, கடைசியில் வெளிர் மஞ்சள் குழம்பாக முடியும்.

கரைப்பானின் ஈரம் இந்த அமைப்பில் அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. 100 பிபிஎம் ஈரமுள்ள 6 மி.லி. கரைப்பானில் சுமார் 30 மைக்ரோமோல் நீர் இருக்கும். நீங்களே வேண்டுமென்று போடும் 360-க்கு முன் அது 8%. ஆனால் வினையூக்கியின் இருப்புக் கரைசலில் அதே ஈரம் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. கரைப்பானின் பெராக்சைடுதான் நிஜமான எதிரி. நிலைப்படுத்தி இல்லாத டெட்ராஹைட்ரோஃபியூரானைக் காற்றில் திறந்து வைத்துப் பிறகு மூலக்கூறு சல்லடையில் போட்டால் ஈரம் போகும், பெராக்சைடு போகாது.

அறிகுறி: ஒயின் சிவப்பு மணிக்கணக்கில் அப்படியே நிற்கிறது, அம்மோனியாவும் இல்லை, ஹைட்ரஜனும் சொற்பம்

ஒடுக்கி உயிரோடு இருக்கிறது. வினையூக்கி செத்துவிட்டது.

ட்ரைகுளோரைடு முன்னோடியில் மாலிப்டினம் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையில், பாராகாந்தத் தன்மையோடு இருக்கிறது. எனவே பாஸ்பரஸ்-31 என்.எம்.ஆரில் வெற்று அடிக்கோடுதான் வர வேண்டும். கூர்மையான சிகரங்கள் தெரிந்தால் அவை தனித்த ஈனியோ, பாஸ்பீன் ஆக்சைடோ, புரோட்டான் ஏறிய பென்சிமிடசோலியம் உப்போதான். "அழகான நிறமாலை" கிடைத்தால் சந்தோஷப்படக் கூடாத அரிய இடங்களில் இது ஒன்று. ஈனி மட்டும் தனியாகக் கிடைத்தால் உலோகமேற்றும் படி முழுமையடையவில்லை. ஆக்சைடு என்றால் காற்று.

நைட்ரஜன் ஒட்டுகிறதா என்று அகச்சிவப்பு நிறமாலையில் பார்க்கலாம். தனி நைட்ரஜனின் அதிர்வு 2,330 செ.மீ⁻¹ பக்கம், அகச்சிவப்பில் தெரியாது. உலோகத்தில் ஒட்டியதும் இறங்கி, வலுவான பட்டையாகத் தெரியும். எம்.ஐ.டி.யின் ரிச்சர்ட் ஷ்ராக் செய்த ட்ரைஅமிடோஅமின் மாலிப்டினம் சேர்மத்தில் இது 1,990. ஒரு எச்சரிக்கை: கார்பன் மோனாக்சைடு ஒட்டிய மாலிப்டினமும் இதே பகுதியில்தான் பட்டை தரும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய உலோகத்தில் நைட்ரஜனுக்கு இடமில்லை. இரண்டையும் பிரித்தறிய நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) வாயுவில் அதே மாதிரியைச் செய்யுங்கள். நைட்ரஜன் பட்டை என்றால் 0.966 மடங்காகும்: 1,990 என்பது 1,923-க்கு இறங்கும். நகரவில்லை என்றால் அது நைட்ரஜன் இல்லை.

அறிகுறி: எப்படிச் செய்தாலும் ஒரு மாலிப்டினத்துக்கு ஒன்றிரண்டு அம்மோனியாவில் நின்றுவிடுகிறது

இது வினையூக்கமே ஆகாது. உலோகத்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்த நைட்ரஜன் ஒரே ஒருமுறை ஒடுங்கி வெளியேறியிருக்கிறது. 1975-இல் ஜோசப் சாட் குழு இங்கிலாந்தில் டங்ஸ்டன் பாஸ்பீன் சேர்மத்தின் மீது மெத்தனாலில் கந்தக அமிலம் விட்டு, ஒரு டங்ஸ்டனுக்கு ஏறக்குறைய இரண்டு அம்மோனியா எடுத்தது இப்படித்தான். ஆறு எலக்ட்ரான்களையும் டங்ஸ்டனே கொடுத்தது. அன்று அது சாதனை. இன்று உங்கள் ஓட்டத்தில் அதே எண் வந்தால், சுழற்சி மூடவில்லை என்ற செய்தி.

எங்கே மூடவில்லை என்பதை அறிய, ஓட்டம் நின்ற பிறகு இன்னொரு பங்கு ஒடுக்கியும் நீரும் சேர்த்துப் பாருங்கள். அம்மோனியா கூடினால் ஒடுக்கிதான் முன்பு தீர்ந்திருந்தது. கூடவில்லை என்றால் வினையூக்கி ஏதோ ஒரு நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது: ஈனி உதிர்ந்திருக்கலாம், ஹைட்ரைடு உருவாகியிருக்கலாம், நைட்ரைடு நிலையிலிருந்து மேலே நகர ஒடுக்கியின் வலிமை போதாமல் இருக்கலாம்.

கோபால்டோசீனை ஒடுக்கியாக வைத்துச் செய்பவர்களுக்குக் கடைசிக் காரணம் அடிக்கடி பொருந்தும். அதன் மின்னழுத்தம் ஃபெரோசீனை ஒப்பிட்டு −1.33 வோல்ட், டெக்காமெத்தில் கோபால்டோசீனுக்கு −1.9-க்கும் கீழே. ஒன்றில் நிற்கும் சுழற்சி மற்றொன்றில் ஓடக்கூடும்.

கணக்கெழுதும் விதத்திலும் ஒரு குழி உண்டு. இரட்டை உலோகச் சேர்மத்தில் "ஒரு வினையூக்கிக்கு" என்பதும் "ஒரு மாலிப்டினத்துக்கு" என்பதும் இருமடங்கு வேறுபடும். நிஷிபயாஷி குழு 2011-இல் தந்த நைட்ரஜன் பாலமிட்ட இரட்டை மாலிப்டினம் சேர்மத்தின் 23 என்ற எண், ஒரு மாலிப்டினத்துக்கு 12 தான். உங்கள் 11-ஐ அந்த 23-ஓடு ஒப்பிட்டு மனமுடைந்து போகாதீர்கள்.

அறிகுறி: வினையூக்கி இல்லாத வெற்றோட்டத்திலும் அம்மோனியா வருகிறது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். அம்மோனியா எங்கும் இருக்கிறது: மூச்சில், வியர்வையில், சுத்தம் செய்யும் திரவத்தில், பக்கத்து ஃப்யூம் ஹூடில் திறந்து வைத்த அம்மோனியா பாட்டிலில். திறந்த அமிலக் கரைசல் இவற்றை அள்ளிச் சேர்த்துக்கொள்ளும். அம்மோனியா பாட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலப் பாட்டிலின் கழுத்தில் வெண்படலம் பார்த்திருப்பீர்கள். அது அம்மோனியம் குளோரைடு. அந்தப் பாட்டிலிலிருந்து அமிலம் எடுத்துப் பொறி வைத்தால் அளவீடு தொடங்கும் முன்பே கெட்டது.

வெற்றோட்டம் ஒன்று போதாது. வினையூக்கி இல்லாமல் ஒன்று, ஒடுக்கி இல்லாமல் ஒன்று, எல்லாம் இருந்தும் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானில் ஒன்று, எதுவுமே இல்லாமல் கரைப்பானோடு வாலைவடித்தல் மட்டும் ஒன்று. ஆர்கான் ஓட்டத்தில் ஒரு நுணுக்கம்: நைட்ரஜன் ஒட்டிய சேர்மத்தையே வினையூக்கியாகப் போட்டால், ஆர்கானிலும் கொஞ்சம் அம்மோனியா வரும், அது சேர்மத்தின் சொந்த நைட்ரஜன். ட்ரைகுளோரைடு முன்னோடிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இன்னும் நுட்பமான மாசு ஒன்று தயாரிப்பு வழியாக வரும். கார்பீன் ஈனியைச் செய்ய பொட்டாசியம் ஹெக்சாமெத்தில்டைசிலசைடைக் காரமாகப் பயன்படுத்தியிருந்தால், கழுவி நீக்காத எச்சம் வினையூக்கியோடு ஒட்டியிருக்கலாம். நீரும் அமிலமும் பட்டதும் அது சிதைந்து, ஒன்றுக்கு ஒன்று அம்மோனியா தரும். இந்தப் போலி விளைச்சல் வினையூக்கியின் அளவுக்கு ஏற்பக் கூடும், வினையூக்கி இல்லாத வெற்றோட்டத்தில் தெரியாது, நல்ல வினையூக்கம் போலவே வேஷம் போடும். கண்டுபிடிக்க எளிய வழி, வினையூக்கி மாதிரியை டியூட்டீரியமேற்றிய பென்சீனில் கரைத்துப் புரோட்டான் என்.எம்.ஆரில் 0 பிபிஎம் அருகே சிலைல் சிகரம் தேடுவது. நைட்ரஜன் நிரப்பிய க்ளவ் பாக்ஸில் லித்தியம் உலோகத்தைத் திறந்து வைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அது அறை வெப்பநிலையிலேயே நைட்ரைடாகும், நைட்ரைடு நீர் பட்டதும் அம்மோனியாவாகும்.

இறுதித் தீர்ப்பு நைட்ரஜன்-15 வாயுவிடம்தான். சாதாரண அம்மோனியம் அயனி, டைமெத்தில் சல்ஃபாக்சைடில் 7 பிபிஎம் அருகே மூன்று சமச் சிகரங்களாக (இடைவெளி சுமார் 51 ஹெர்ட்ஸ்) வரும். நைட்ரஜன்-15 அம்மோனியம் இரட்டைச் சிகரமாக (சுமார் 72 ஹெர்ட்ஸ்) வரும். நைட்ரஜன்-15 ஓட்டத்தில் மூன்று சிகரங்களும் கூடவே தெரிந்தால், அந்தப் பங்கு காற்றிலிருந்தோ மாசிலிருந்தோ வந்தது.

ஆனால் நைட்ரஜன்-15 உருளையே மாசுபட்டிருக்கலாம். விற்பனைக்கு வந்த சில உருளைகளில் நைட்ரஜன்-15 ஏறிய அம்மோனியமும் நைட்ரேட்டும் இருந்ததை 2014-இல் ஒரு ஆய்வு காட்டியது. 2019-இல் மின்வேதி அம்மோனியா ஆய்வுகளுக்காக வெளியான கறாரான சோதனை நெறிமுறையும் இதையே வலியுறுத்தியது. வாயுவை முதலில் நீர்த்த அமிலப் பொறி வழியாக விட்டு, பிறகு உலர்த்தி, ஆக்சிஜன் நீக்கும் செம்பு வினையூக்கி வழியாகக் குடுவைக்குள் விடுங்கள். அமிலப் பொறி அம்மோனியாவைப் பிடிக்கும், நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாவற்றையும் பிடிக்காது. அவற்றைச் சமேரியம் டைஅயோடைடு தானே ஒடுக்கிவிடக்கூடும். ஆகவே வினையூக்கி இல்லாத வெற்றோட்டத்தையும் ஒருமுறை நைட்ரஜன்-15 வாயுவிலேயே செய்யுங்கள். விலை அதிகம்தான், சிறிய குடுவையில் செய்யலாம்.

அறிகுறி: இண்டோஃபீனால் (அம்மோனியாவை நீல நிறமாக்கி அளக்கும் சோதனை) ஒன்று சொல்கிறது, என்.எம்.ஆர். வேறொன்று சொல்கிறது

வினை முடிந்ததும் 30% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் 5 மி.லி. விட்டு அரை மணி நேரம் கலக்கி, ஆவியாகும் அனைத்தையும் குறைந்த அழுத்தத்தில் 0.5 மோலார் கந்தக அமிலம் 10 மி.லி. உள்ள குடுவைக்குள் வடித்தெடுப்பது வழக்கம். சமேரியம் ஹைட்ராக்சைடு குழம்பு அம்மோனியாவை உள்ளே பிடித்து வைக்கும், எனவே கலக்கலைக் குறைக்காதீர்கள். காரம் விடும் முன் குடுவையைப் பனிக்கட்டியில் வைத்து, வாங்கும் குடுவையை இணைத்துவிட வேண்டும். செப்டத்தைத் திறந்து காரம் ஊற்றினால் விளைச்சலின் ஒரு பங்கை நீங்களே முகர்ந்துவிடுவீர்கள்.

முதலில் முழு வழியையும் சோதியுங்கள்: 6.4 மி.கி. அம்மோனியம் குளோரைடை (120 மைக்ரோமோல்) ஒரு போலி ஓட்டத்தில் போட்டு, அதே காரம், அதே வாலைவடித்தல். 95 சதவிகிதத்துக்குக் குறைவாக மீண்டால் வேதியியலைத் தொடாதீர்கள், இணைப்புகளைப் பாருங்கள்.

இண்டோஃபீனால் குறைவாகக் காட்டினால்: இந்த நீல நிறம் உருவாகக் காரத்தன்மை (பி.எச். 11-க்கு மேல்), தனித்த ஹைப்போகுளோரைட்டு இரண்டும் வேண்டும். வடிந்த கரைசல் அமிலமானது. நீர்க்காமல் போட்டால் அமிலம் காரத்தை அழித்துவிடும். முழு விளைச்சல் என்றால் 10 மி.லி.யில் 12 மில்லிமோலார் அம்மோனியா இருக்கும். 200 மடங்கு நீர்த்தால் 60 மைக்ரோமோலார். இது நேர்கோட்டு எல்லைக்குள் வசதியாக விழும், மீதி அமிலமும் புரோட்டான் கணக்கில் 5 மில்லிமோலாருக்கு இறங்கிவிடும். அடுத்தது அயோடைடு. அது ஹைப்போகுளோரைட்டைத் தின்றுவிடும். அயோடைடு ஆவியாகாது, ஆனால் வடிக்கும்போது குழம்பு பொங்கித் தெறித்தால் கூடவே வரும். வடிந்த திரவம் அமிலத்தன்மை இழந்திருந்தால் பொங்கியதற்கு அதுவே சாட்சி. ஹைட்ரசின் இருந்தாலும் ஹைப்போகுளோரைட்டு குறையும். பாரா-டைமெத்திலமினோபென்சால்டிஹைடு கொண்டு 458 நானோமீட்டரில் மஞ்சள் நிறம் பார்த்து அதைத் தனியாக அளந்துவிடுங்கள்.

நீருக்குப் பதில் லூட்டிடினியம் அமிலத்தைப் புரோட்டான் மூலமாகப் பயன்படுத்திய ஓட்டங்களில் லூட்டிடின் நீரோடு சேர்ந்து வடியும். டைபீனைல் அமோனியம் பயன்படுத்தினால் டைபீனைலமினும் சிறிது வரலாம், ஹைப்போகுளோரைட்டோடு அதற்குத் தனி நிறவினைகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே மருந்து, மாதிரியிலேயே தெரிந்த அளவு அம்மோனியம் சேர்த்துப் பார்ப்பது. சேர்த்த 30 மைக்ரோமோலாரும் முழுதாகத் தெரிந்தால் அளவீடு சரி. 20 மட்டும் தெரிந்தால், தூய நீரில் போட்ட தரக்கோடு இந்த மாதிரிக்குப் பொருந்தாது.

என்.எம்.ஆர். அதிகமாகக் காட்டினால்: உள்தரமாகப் போட்ட 1,3,5-ட்ரைமெத்தாக்சிபென்சீனின் புரோட்டான்கள் மெதுவாகத் தளர்பவை. துடிப்புகளுக்கு இடையே போதிய நேரம் விடாவிட்டால் உள்தரம் குறைவாகத் தெரிந்து, அம்மோனியா ஊதிப்போய்த் தெரியும். தளர்வு நேரத்தை அளந்து, அதன் ஐந்து மடங்கு காத்திருங்கள். குறைவாகக் காட்டினால்: நீர்ச் சிகரத்தை அடக்கும் துடிப்பு, நீரோடு புரோட்டான் பரிமாறும் அம்மோனியத்தையும் சேர்த்து அடக்குகிறது. மூன்று சிகரங்கள் ஒன்றாகி மொட்டை மேடாக வந்தால் மாதிரியில் அமிலம் போதவில்லை.

அறிகுறி: சிறிய ஓட்டம் நன்றாக வந்தது, பத்து மடங்கு, நூறு மடங்கு ஆக்கியதும் விழுந்துவிட்டது

வாயுக் கணக்கைப் பாருங்கள். ஒப்பீட்டு ஓட்டத்துக்கு 60 மைக்ரோமோல் நைட்ரஜன், 25 °செ-இல் 1.5 மி.லி. போதும், மேல்வெளியில் அதைப்போல் முப்பது மடங்கு இருக்கிறது. நூறு மடங்கு ஆக்கினால் 147 மி.லி. வேண்டும். மூடிய குடுவையின் மேல்வெளி அதைவிடக் குறைவு என்றால் வினை முடியும் முன்பே நைட்ரஜன் தீர்ந்துவிடும், இடத்தை ஹைட்ரஜன் நிரப்பும். நைட்ரஜன் லைனோடு குமிழிப்பான் வழியாகத் திறந்து வையுங்கள். அப்படிச் செய்தால் ஹைட்ரஜன் அளவீடு போய்விடும், ஆகவே பெரிய ஓட்டத்தில் எலக்ட்ரான் கணக்கை எதிர்பார்க்காதீர்கள்.

கரைதிறனும் குறுக்கே நிற்கும். ஒரு வளிமண்டலத்தில் டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரையும் நைட்ரஜன் சில மில்லிமோலார்தான். மேற்பரப்பு சிறுத்த, ஆழமான குடுவையில் சின்ன ஸ்டிரர் பார் மெதுவாகச் சுற்றினால் கரைசலின் அடிப்பகுதி நைட்ரஜனுக்கு ஏங்கும், புரோட்டான்களோ அங்கேயே இருக்கும். முட்டை வடிவக் காந்தம், சுழல் குழி தெரியும் வேகம், அகலமான குடுவை. நீர்க் கரைசலை ஒரே மூச்சில் விடாமல் சிரிஞ்ச் பம்பில் விடுவது இங்கே கட்டாயம்.

கோபால்டோசீன், குரோமோசீன் அமைப்புகளில்

2003-இல் எம்.ஐ.டி.யில் டிமிட்ரி யாண்டுலோவும் ரிச்சர்ட் ஷ்ராக்கும் செய்த முதல் மாலிப்டினம் வினையூக்கத்தில் இரண்டு தந்திரங்கள் இருந்தன. அமிலம் (லூட்டிடினியத்தின் ஃபுளோரினேற்றிய போரேட் உப்பு) ஹெப்டேனில் அரிதாகவே கரையும். ஒடுக்கியான டெக்காமெத்தில் குரோமோசீன் ஆறு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் அதிகமாகச் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதே நோக்கம். விளைச்சல் விழுந்தால் முதலில் பம்பைப் பாருங்கள்: நெடுநேர ஓட்டத்தில் ஊசி நுனியில் ஒடுக்கி படிந்து அடைத்து, கடைசி அரை மணியில் மொத்தமாகக் கொட்டியிருக்கும். "ஹெப்டேன் மெதுவாக இருக்கிறது, டொலுயீன் போடலாமே" என்று மாற்றினால் அமிலம் நன்றாகக் கரைந்து ஹைட்ரஜன் ஓட்டம் பிடிக்கும். ஹைட்ரஜன் வெறும் விரயத்தோடு நிற்பதில்லை, இந்த வினையூக்கியை அது தடுக்கவும் செய்கிறது.

2011-இன் கோபால்டோசீன் முறையில் லூட்டிடினியத்தின் எதிரயனி டிரைஃபிளேட். கையில் இருக்கிறதே என்று குளோரைடு உப்பைப் போடாதீர்கள், அம்மோனியா வராது. கோபால்டோசீன் கருமையான ஊதாப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பு மஞ்சள் தூள் கலந்திருந்தால் பாதி கோபால்டோசீனியம் ஆகிவிட்டது. வெற்றிடத்தில் பதங்கமாக்கி எடுங்கள்.

இரும்பு அமைப்பில்: −78 °செ-ஐக் காப்பாற்ற முடியவில்லை என்றால்

கால்டெக்கில் ஜோனஸ் பீட்டர்ஸ் குழு 2013-இல் வெளியிட்ட ட்ரிஸ்பாஸ்பினோபோரேன் இரும்புச் சேர்மம், பொட்டாசியம் கிராஃபைட்டையும் மிக வலுவான போரேட் அமிலத்தையும் ஈதரில் −78 °செ-இல் சந்திக்கவைத்து, ஒரு இரும்புக்கு ஏழு அம்மோனியா தந்தது. இங்கே வெப்பம்தான் வில்லன். குடுவை மட்டும் குளிர்ந்திருந்து, அமிலக் கரைசலும் ஒடுக்கியும் அறை வெப்பநிலையில் இருந்து விழுந்தால், கலந்த கணத்திலேயே இரண்டும் நேரடியாக ஹைட்ரஜனாகிவிடும். மூன்றையும் தனித்தனியாகக் குளிரவைத்துப் பிறகு சேருங்கள். பொட்டாசியம் கிராஃபைட் வெண்கல நிறத்தில் இருக்க வேண்டும், கறுப்பாகிவிட்டால் அது வெறும் கிராஃபைட்டும் ஹைட்ராக்சைடும்தான். 0.39 கிராம் பொட்டாசியத்துக்கு 0.96 கிராம் உலர்ந்த கிராஃபைட் என்ற விகிதத்தில் புதிதாகச் செய்துகொள்வது நல்லது.

குளிர் காக்க வசதியில்லாதவர்கள் போராடுவதை விட, அதே குழு 2017-இல் மாறிய வழிக்கே போகலாம்: டெக்காமெத்தில் கோபால்டோசீனும் டைபீனைல் அமோனியம் டிரைஃபிளேட்டும். வலு குறைந்த இந்த இணையில் எலக்ட்ரான்களில் 72% வரை அம்மோனியாவுக்குப் போனது, ஒரு இரும்புக்கு 84 வரை வந்தது. குளிர் இதற்கும் வேண்டும், ஆனால் சில டிகிரி தவறுவதை இது மன்னிக்கும். ஓட்டம் முடிந்த பின் மிச்சமிருக்கும் பொட்டாசியம் கிராஃபைட்டைக் காற்றில் வடிகட்டித் துடைத்தாளில் கொட்டினால் தீப்பிடிக்கும். நைட்ரஜனிலேயே வைத்து ஐசோபுரோப்பனாலைச் சிறிது சிறிதாக விட்டுக் குமிழி நின்ற பிறகே நீர் விடுங்கள், அம்மோனியா மாதிரியை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.